மேல் குன்னூரில் ஒரு தோல் சிகிச்சை நிலையம்: முடி உதிர்வுக்கு மருந்து எழுதும் முன் நாட்காட்டியைப் பார்த்த மருத்துவர்

மேல் குன்னூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், இரண்டே அறைகளில் இயங்கும் தோல் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குக் கடந்த ஆகஸ்டு மாதத்திலிருந்து மூன்று முறை சென்று வந்திருக்கிறேன். விளம்பரம்போல் ஆகிவிடக் கூடாது என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். முடி கொட்டுகிறது என்று ஓர் இடத்துக்குப் போனால் அங்கே நம்மிடம் என்ன கேட்க வேண்டும், நம் தலையில் எதைப் பார்க்க வேண்டும், எந்தக் கட்டத்தில் நாம் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதை இந்த மூன்று வருகைகளில்தான் தெரிந்துகொண்டேன். அந்த அளவுகோலை எந்த ஊர் மருத்துவரிடமும் வைத்துப் பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை, வயது 36. சென்ற ஜூன் மாதத் தொடக்கத்தில், தலைக்குக் குளிக்கும் நாள்களில் குளியலறைத் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கும் அளவுக்கு முடி கொட்டத் தொடங்கியது. தலையணையிலும், பிசைந்து வைத்த மாவிலும், மகனின் ஸ்வெட்டரிலும் என் முடியாகவே கிடந்தது. ஆகஸ்டுக்குள் பின்னலின் பருமன் பாதியாகிவிட்டது. சீப்பை எடுக்கவே பயந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை சிக்கெடுத்துக்கொண்டு, சிக்கெடுத்த முடியைச் சுருட்டி யாரும் பார்க்காத இடத்தில் போட்டுவிட்டு வந்த நாள்கள் அவை. காரணம் சொல்ல மட்டும் ஆள்களுக்குப் பஞ்சமில்லை. தினமும் வெந்நீரில் குளிப்பதால்தான் என்றார் மாமியார். ஓயாமல் கம்பளிக் குல்லா போடுவதால் தலைக்குக் காற்றே படவில்லை என்றார் சக ஆசிரியை. மழைக்காலத்து மலைத் தண்ணீர் முடிக்கு ஆகாது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் அன்பினால் சொன்னவைதாம். ஆனால் அந்தத் தண்ணீரிலும் அந்தக் குளிரிலும்தான் நான் பிறந்ததிலிருந்து வாழ்ந்து வருகிறேன் என்பதை அப்போது நானே யோசிக்கவில்லை.

முதலில் உதகையில் ஒரு கடையில் மூலிகை எண்ணெய் வாங்கினேன். 200 மில்லி 640 ரூபாய். அதில் கலந்திருந்த நீலகிரித் தைலத்தின் காரத்தில் ஐந்தாவது வாரம் மண்டை எரியத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன். அடுத்து, கோயம்புத்தூரில் முடிக்கென்றே நடத்தப்படும் ஒரு மையத்துக்குச் சென்றேன். வரவேற்பறையில் ஓர் ஆலோசகர் என் உச்சந்தலையைப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். என் ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, ஊசி வழியாகத் தலையில் செலுத்தும் சிகிச்சையை ஆறு முறை செய்ய வேண்டும் என்றும், மொத்தம் 36,000 ரூபாய் ஆகும் என்றும், அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார். அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தேன். எனக்குச் சமீபத்தில் உடம்பு சரியில்லாமல் போனதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு பாட்டில் ஷாம்புவும் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையும் வாங்கிக்கொண்டு மலையேறினேன்.

குன்னூர் மருத்துவர் என் தலையைத் தொடும் முன் கேட்ட முதல் கேள்வி, முடி கொட்டத் தொடங்கியது எந்த வாரம் என்பது. ஜூன் முதல் வாரம், பள்ளி திறந்த சமயம் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, மார்ச் மாதத்தில் விரலை வைத்து, “இந்த மாதத்தில் என்ன நடந்தது டீச்சர்?” என்று கேட்டார். மார்ச்சில் எனக்கு டைஃபாய்டு வந்து பதினாறு நாள் படுத்திருந்தேன். ஆறு கிலோ எடை குறைந்தது. அந்தக் காய்ச்சலுக்கும் இந்த முடிக்கும் தொடர்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் விளக்கியதை, பிறகு நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டு, இங்கே எழுதுகிறேன். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி அடங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்து, அதன் பின் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் அதே வேர்ப்பையிலிருந்து புதிய முடி கிளம்புகிறது. எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால்தான் நாம் யாரும் மொட்டையாவதில்லை. சாதாரணமாக நூற்றில் பத்து, பதினைந்து முடிகளே ஓய்வில் இருக்கும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினிபோல் எடை குறைத்தல், பெரும் துயரம் ஆகியவற்றில் ஒன்று நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒன்றாக ஓய்வுக்குச் சென்றுவிடுகிறது. அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலை நாம் மறந்த பிறகு. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-ஆம் ஆண்டு இதை விவரித்து ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்று பெயரிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, முப்பத்தோரு ஆண்டு கொழுந்து பறித்த என் அம்மா உடனே புரிந்துகொண்டார். கவாத்து வெட்டிய தேயிலைக் காடு சில மாதம் வெறும் குச்சியாகத்தான் நிற்கும், செடி செத்துவிட்டது என்று யாராவது பிடுங்கிப் போடுவார்களா என்றார். எனக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

இந்த வகை உதிர்வு, காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். மருத்துவர் இதைச் சொன்னபோதுதான், எங்கள் மலையில் எண்ணெய்க் கடைகள் எப்படி நம்பிக்கை பெறுகின்றன என்பது எனக்குப் புரிந்தது. கொட்டத் தொடங்கி ஒரு மாதத்தில் ஓர் எண்ணெய், மூன்றாம் மாதத்தில் இன்னொன்று, ஐந்தாம் மாதத்தில் வேறொன்று என்று மாற்றுகிறோம். உதிர்வு தானாக நிற்கும் நேரத்தில் கையில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பதிலும் இதே கதைதான். புழுவெட்டு என்பது புழுவினால் வருவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேர்ப்பையைத் தாக்குவதால் வட்ட வட்டமாக முடி கொட்டும் நிலை அது. ஓரிரு சிறிய வட்டங்களாக மட்டும் இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே வளர்ந்துவிடும். தேய்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்க்காதவர்களுக்கும் வளர்ந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கதையைக் கேட்டதோடு அவர் நிறுத்திவிடவில்லை. தலையில் மூன்று நான்கு இடங்களில் ஐம்பது, அறுபது முடிகளைச் சேர்த்து விரல்களுக்கு இடையில் பிடித்து, வேரிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் ஒன்பது முடிகள் கையோடு வந்தன. பிடித்த முடிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் உதிர்வு இன்னும் தீவிரமாக நடக்கிறது என்று பொருள். வந்த முடிகளின் அடியில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று நான் இரண்டு மாதமாக நடுங்கிக்கொண்டிருந்தேன். அது வேர் இல்லை, ஓய்வு முடித்து இயல்பாகக் கழன்ற முடியின் அடிமுனை, வேர்ப்பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது என்று அவர் சொன்ன நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னர் கையடக்கமான உருப்பெருக்கிக் கருவியை வகிட்டின்மீது வைத்து, முடிகளின் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்தார். தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து கிடந்தால் அது பரம்பரை வழுக்கையின் அடையாளம். எனக்கு அப்படி இல்லை.

இந்த வேறுபாட்டை அவர் வற்புறுத்திச் சொன்னதற்கு என் தம்பி ஒரு காரணம். அவனுக்கு 28 வயது. நெற்றியின் இரு பக்கமும் முடி பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் வாங்கிய அதே எண்ணெயை அவனும் தடவினான். அவனுக்கு நடப்பது வேறு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் டிஎச்டி என்னும் ஹார்மோனுக்கு, பரம்பரையாகக் கூருணர்வு கொண்ட வேர்ப்பைகள், ஒவ்வொரு சுழற்சியிலும் சிறுத்துக்கொண்டே போகின்றன. முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை மயிர்போல் ஆகிவிடுகிறது. ஆண் ஹார்மோன் இல்லாமல் இந்த வழுக்கை வருவதில்லை என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1942-இலேயே எழுதிவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கப்பட்ட மினாக்சிடில், சாப்பிட்டவர்களின் உடலில் முடி வளரச் செய்ததைக் கண்டு, அதைத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு அதற்கு அனுமதி கிடைத்தது. டிஎச்டி உருவாவதைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு, ஆண்களின் வழுக்கைக்காக, 1997-இல் அனுமதி கிடைத்தது. இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். பலன் தெரிய நான்கு, ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடவும் செய்யும். கருத்தரிக்கக்கூடிய பெண்கள் ஃபினாஸ்டிரைடு உட்கொள்ளக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தம்பியை நேரில் அழைத்து வராமல் அவனுக்கு ஒரு வரிகூட எழுதித் தர முடியாது என்றார். எனக்குக் காத்திருப்பதே பாதி மருத்துவம். அவனோ காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் இழந்துகொண்டிருந்தான். ஒரே வீட்டில், ஒரே பாட்டிலை இருவரும் தடவிக்கொண்டிருந்தோம்.

ரத்தப் பரிசோதனைக்கு அன்றே போகலாம் என்று கிளம்பிய என்னை அவர் நிறுத்தினார். கோயம்புத்தூரில் வாங்கிய பயோட்டின் மாத்திரை, தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடக்கூடும் என்பதால், அதை நிறுத்தி மூன்று நாள் கழித்துக் கொடுக்கச் சொன்னார். பயோட்டின் குறைபாடே அரிது என்றும் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.6; உடலில் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. காய்ச்சல் தொடங்கிவைத்ததை இந்தக் குறைபாடு நீட்டித்துக்கொண்டிருக்கலாம் என்றார். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல், 53 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை இருந்தது. ஆகவே நான் ஒன்றும் விதிவிலக்கில்லை.

அடுத்து அவர் கேட்டது, சாப்பாட்டோடு தேநீர் குடிப்பீர்களா என்பது. தேயிலை மலையில் பிறந்தவளிடம் கேட்கும் கேள்வியா அது! காலைச் சிற்றுண்டியோடு ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று, மாலையில் இரண்டு. தேயிலையிலுள்ள டானின் போன்ற பொருள்கள், கீரை, ராகி, பருப்பு ஆகிய தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்கின்றன. இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே தேநீர் குடித்தால் மாத்திரையும் பெருமளவு வீணாகும். தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடோ ஒரு நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும் என்றார். பறித்த கொழுந்தின் மணத்திலேயே வாழும் ஊரில், இதை இதுவரை எந்தச் சுகாதாரக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. இப்போது என் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன்.

ஊர் சொன்ன காரணங்களையும் கேட்டுப் பார்த்தேன். குல்லா முடியின் வேரை ஒன்றும் செய்யாது, வேர் தன் காற்றை ரத்தத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது என்றார். வெந்நீர் முடியை வறளச் செய்யும், வேரைக் கொல்லாது. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் சரியில்லை, கத்தி படுவது தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற பகுதியில்தான். பழனிக்கு நேர்ந்துகொண்டால் பக்திக்காகப் போங்கள், அடர்த்திக்காக வேண்டாம் என்றார். உதகைப் பக்கம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் ரோஸ்மேரியைக் கொதிக்க வைத்துத் தடவலாமா என்று கேட்டேன். ஈரானில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரிடம் ரோஸ்மேரி எண்ணெயையும் 2 விழுக்காடு மினாக்சிடிலையும் ஆறு மாதம் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. ஆனால் அதில் எதுவும் தடவாத குழு ஒன்று இல்லை. பயன்படுத்தியதும் வடித்தெடுத்த எண்ணெய், இலை கொதித்த நீர் இல்லை. தடவினால் கெடுதல் இல்லை, நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம் என்பது அவர் கருத்து. ஒரு செய்தியை இவ்வளவு நியாயமாக எடைபோட்டுச் சொன்ன மருத்துவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முறை நவம்பரில் சென்றபோது அம்மாவையும் அழைத்துச் சென்றேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி, பாரம் முழுவதையும் தலையில் இழுத்துக்கொண்டு முப்பத்தோரு ஆண்டு சரிவுகளில் நடந்தவர் அவர். கயிறு படிந்த இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. முக்காட்டை அங்கே இழுத்து விட்டுக்கொள்வது அவருக்குப் பழகிப்போன ஒன்று. மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நீண்ட கால இழுவையால் வேர்ப்பைகள் தழும்பாகிவிட்டன என்றும், இனி அங்கே வளராது என்றும், தொடக்க ஆண்டுகளிலேயே இழுவையை விட்டிருந்தால் வளர்ந்திருக்கும் என்றும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். எதையும் விற்கவில்லை. அம்மாவுக்கான கட்டணத்தையும் வாங்கவில்லை. இறுக்கிக் கட்டும் கொண்டைக்கும், நெற்றியிலிருந்து வலித்துப் பின்னும் சடைக்கும் இதே விளைவு உண்டு என்பதால், பள்ளிக்கு வரும் சிறுமிகளின் இரட்டைப் பின்னலை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்பதும் நாம் சொல்வதும் வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கும். முடி உதிர்வில் இவை கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் என்பதால் இதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. முதல் நாள் டோக்கன் வாங்கி இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலியோடு அம்மா ஏறியது பெரும் பாடு. கையில் தரும் அறிவுரைத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாதிக்குப் பாதி வரும் இடத்தில் அது தமிழில் இருந்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது, மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று என்னையே கேட்டார், எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சனவரியில் மூன்றாவது முறை சென்றபோது வகிட்டின் இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அளவில் குட்டை முடிகள் குத்திட்டு நின்றன. ஃபெரிட்டின் 34-க்கு ஏறியிருந்தது. இழுத்துப் பார்த்ததில் இரண்டு முடிதான் வந்தது. முதல் வருகைக்கு 400 ரூபாய், அடுத்தவற்றுக்கு 250 வீதம். பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 3,200 ரூபாய் ஆனது. இதுவும் கடினம் என்பவர்களுக்கு, அரசு மருத்துவமனைகளில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

எந்த மருத்துவரிடம் போனாலும், முந்தைய நாள் தலைக்குக் குளிக்காமல், எண்ணெய் வைக்காமல், தளர்வான பின்னலோடு செல்லுங்கள். அப்போதுதான் இழுத்துப் பார்க்கும் சோதனை சரியான விடை தரும். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எடை மாற்றம் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தலையில் எரிச்சலோ சீழோ இருந்தாலும், முடி போன இடம் பளபளவென்று மழுங்கித் தெரிந்தாலும், குழந்தையின் தலையில் செதிலோடு வட்டமாக முடி போயிருந்தாலும், ஆறு மாதம் காத்திருப்பது பொருந்தாது. முதல் இரண்டும் தழும்பில் முடியக்கூடும், மூன்றாவது படர்தாமரையாக இருந்தால் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும். மேல் குன்னூர் நிலையத்தில் டோக்கன் காலை ஒன்பது மணிக்குக் கொடுக்கிறார்கள், ஞாயிறு விடுமுறை.